மணியின் ரெட்டைப் பல்

செவ்வாய், இரவு.

எங்கள் நாய்க்குட்டி மணிக்குப் பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்துவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகியது. பல்லைப் பிடுங்கத்தான் ஹட்டன் டவுனுக்குத் தூக்கிப்போனேன்.

மிருக வைத்தியர் வாயைத் தொடவே இல்லை. "நாய்க்கு ஊசி போட்டிருக்கா?" என்றார். இல்லை என்றேன்.

"இது பல்லு வலி இல்லம்மா, விசர் நோய் மாதிரி இருக்கு, நாய்க்கு வெறி பிடிக்கிற நோய். யாராவது வாய்க்குள்ள கைய விட்டீங்களா?"

என் விரல்களைப் பார்த்தார். தேயிலைக் கொழுந்து பறித்து வெடித்த விரல்கள். "இந்த வெடிப்புல எச்சில் பட்டாலே போதும், நோய் உள்ள போயிரும்" என்றார். இன்றே ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட்டார்கள்.

முந்தாநாள் மணியின் வாயைப் பிளந்து, "ரெட்டைப் பல்லு, தொட்டுப் பாருங்க" என்று பக்கத்து வீட்டு ராசாத்தி அக்காவுக்குக் காட்டியது நான்தான்.

சாயங்காலம் போய், அவளும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அக்கா சிரித்தாள். "சும்மா தொட்டதுக்கா ஊசி? நாளைக்கு வேலைக்குப் போகலன்னா பேரு விழாதே, ஒரு நாள் சம்பளம் போயிருமே, புள்ள."

நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடையதைவிட ஆழமான வெடிப்புகள்.