உனக்கென்று எடுத்து வைத்த சாமை

தம்பி,

புதுச் சாமை வேகிற வாசம் வந்ததும் உனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேத்தி வேலூரில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாதாம். பேரன் ஜமுனாமரத்தூரில் ஆபீஸ் உத்தியோகம். நம் ஊர்க்காரர் மனுவோடு போனால் உட்கார வைத்துத்தான் பேசுகிறான். சின்னவள் எல்லாரையும் தாண்டிவிட்டாள். சீமையில் படிக்க அவளுக்குச் சர்க்கார் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. உனக்குக் கொடுத்தார்களே, அதே மாதிரி. ஊரே என்னைத் தேடி வந்து பேசுகிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சர்க்கார் விடுதிப் பள்ளியில் உன்னை விட்ட அன்று, "அக்கா, இங்க மூணு வேளையும் சோறு போடுறாங்க, நீயும் வந்துடேன்" என்றாய். நான் அஞ்சாவதோடு நின்று, இடுப்பில் பிள்ளையோடு இருந்தேன். காலேஜும் சர்க்கார் பணத்தில்தான். கடைசியில் பிளேன் டிக்கெட்டும் வந்தது.

"ஏன்டா, போறதுக்குக் குடுக்கிறான், திரும்பி வர்றதுக்கும் குடுப்பானா?" என்று அம்மா கேட்டாள்.

"குடுப்பாங்கம்மா. இங்க வந்துதான் வேல செய்யணும்னு கையெழுத்தே வாங்கிக்கினாங்க" என்று சிரித்தாய்.

முதல் சாமையில் வெளியூர் போனவனுக்கும் ஒரு பங்கு எடுத்துச் சுரைக்குடுக்கையில் வைப்போமே, அம்மாவுக்கு அந்த வருஷம் பொறுக்கவில்லை. உன் பங்கைத் துணியில் தைத்துத் தபாலாபீசுக்கு எடுத்துப் போனாள்.

"இன்னாம்மா இது, கோழித் தீவனமா?"

"எம் புள்ள பங்குங்க."

பனியில் நெஞ்சுச் சளி கட்டி நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது. உதவித்தொகை கொடுத்த ஆபீசுக்கு ஓடினோம். அதிகாரி நல்ல மனுஷர், குனிந்துகொண்டேதான் சொன்னார்: "படிக்கத்தாம்மா அந்தப் பணம். ஒடம்ப எடுத்தார அதுல வழியில்ல." அங்கேயே உன்னைப் புதைத்தார்கள். அதற்கப்புறம் ஒருநாள் சாமை மூட்டை வண்டு வைத்துத் திரும்பி வந்தது. சாமைக்குத் திரும்பி வர வழியிருந்தது.

"நம்ம கையால மண்ணு தள்ளல. பங்க எப்டி நிறுத்துறது?" என்றார் ஊர்க் கவுண்டர். நிறுத்தவில்லை. அந்தக் குடுக்கையைப் பார்த்தபடியேதான் அம்மாவும் கண்ணை மூடினாள். இப்போது நான் எடுத்து வைக்கிறேன்.

சின்னவள் தை பிறந்ததும் கிளம்புகிறாள். "ஆயா, போய்ட்டு வரட்டுமா?" என்றாள்.

"ஒண்ணு ஆச்சுன்னா கொண்டாந்து குடுப்பானான்னு கேட்டியாடி?"

"வாயக் கழுவு ஆயா!"

போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? இந்த வூட்டில் எழுத்துப் படித்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சர்க்கார் சோறு தின்றதுதான். போ என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கொல்லையில் போய் இன்னொரு சுரைக்காய் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

உன் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கோட்டு போட்டுப் பனியில் நிற்கிறாய். அடுப்புப் புகையில் முகம் போய்விட்டது, கோட்டு மட்டும் நிற்கிறது. அவள் போனதும் மாசாமாசம் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீயும் புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடுடா, தம்பி.