ஒரு மணி நேரம் கழித்து

ஜூன் 3

என் வீட்டு மகாராணிக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா காலில் ஆணி கிழித்த புண்ணுக்கும் காய்ச்சலுக்குமா இத்தனை கண்ணீர்? இங்கே லேபில் என் பிழைப்பே காய்ச்சல்தான். முயலுக்குக் கிருமியின் விஷத்தை ஊசியில் ஏற்றுவோம், உடம்பு கொதிக்கும். வீக்கம் குறைக்கிற மருந்தைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் கப்சிப்! அந்த மாத்திரை கடையிலேயே கிடைக்கும். நீயும் அப்படியே செய்: மூன்று வேளையும் அரை மாத்திரை, ஒரு மணி நேரம், பிறகு தெர்மாமீட்டர். தாளில் குறித்து டாக்டரிடம் காட்டு.

பாப்பாவுக்கு முத்தம். உனக்கு நேரில் வந்து.

உன்னவன்

ஜூன் 8

அன்பானவருக்கு,

நீங்கள் சொன்னபடியே மூன்று வேளையும், இம்மி பிசகாமல். தாளில் காய்ச்சலே இல்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஜுரமே இல்லையேம்மா, எதுக்குப் பயப்படறீங்க?" என்று அனுப்பிவிட்டார். மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பாப்பா எந்நேரமும் தூங்கி வழிகிறாள். கை சில்லென்று இருக்கிறது. ஒரு நடை வந்து போங்களேன்.

உங்கள் மனைவி

ஜூன் 10

மகாராணி,

நீ பயந்தாங்கொள்ளி என்று தெரியும், அதற்காக இவ்வளவா? மாத்திரையை நிறுத்தாதே. மாதக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன்.

உன்னவன்

ஜூலை 19

பாப்பா போய் முப்பத்தைந்து நாள் ஆகிறது.

நேற்று உங்கள் லேப் நண்பர் துக்கம் கேட்க வந்தார். தாளைக் காட்டினேன். "எப்பப் பாத்தீங்க? மாத்திரைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். பின்னாடி என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. அந்த மருந்து சூட்டைத்தான் இறக்குமாம். விஷம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்குமாம், கிருமிக்கு வேறு மருந்து வேண்டுமாம். உங்கள் லேபில் இது எல்லாருக்கும் தெரியுமாமே.

பாப்பாவை எடுத்த அன்றைக்கு அத்தை, "பெத்தவளுக்குத் தெரியலையா, புள்ளைக்கு முடியலைன்னு?" என்று அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார்கள். நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். தரையையே பார்த்தீர்கள். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

தப்பு யாருக்கும் நடக்கும். அதை மன்னித்திருப்பேன். ஆனால் முப்பத்தைந்து நாள், நான்தான் என் பிள்ளையைக் கொன்றேன் என்று என்னை நினைக்கவிட்டீர்களே, அதை என்ன செய்வது? இனி எழுத வேண்டாம். வரவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியட்டும். கடைசி இரண்டு நாள் பாப்பா மாத்திரைக்கு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். "அப்பாதான் குடுக்கச் சொன்னாரு" என்றேன். உடனே திறந்தாள்.

பாப்பாவின் அம்மா