கார்பாலிக் எட்டாத காயம்

மச்சான்,

இன்று காலை டிஸ்பென்சரித் தரையைக் கார்பாலிக் ஊற்றிக் கழுவினார்கள். அந்த வாடை மலையேறி வந்து, லயத்து வீட்டுக் கதவைத் தட்டி, என்னைப் பெயர் சொல்லி எழுப்பியது. நானுஓயா ரயிலே அதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். எனக்கு ஓட இடமில்லை.

அந்த வருடக் காமன் கூத்தில் நீ மன்மதன், நான் ரதி. என் மீசையை மழித்த அன்று ஏழு தோட்டத்துப் பெண்கள் பொறாமையில் சோறு உண்ணவில்லை என்றேன். "அடி ரதி, மொதல்ல தொப்பைய கொறைடி" என்றாய்.

காப்புக் கட்டிய மறுநாள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி உன் காலைக் கிழித்தது. தேயிலைத் தூளை அப்பிக் கட்டிக்கொண்டு ஆடினாய். கால் பூசணிக்காய் ஆனபோது நான்தான் டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனேன்.

மருந்துக்காரர் கட்டை அவிழ்த்துக் கார்பாலிக் தண்ணீரை ஊற்றினார். "இது கிருமியோட தோலக் கிழிச்சிரும். சுடுதண்ணியில ஊத்துன முட்டை வெள்ளையாட்டம் உள்ள இருக்கிறது தெரைஞ்சு போயிரும். ஆனா தொட்டாத்தான் கொல்லும். தூளும் சீழுமே பாதி மருந்தக் குடிச்சிருச்சு. மிச்சக் கிருமி ஆழத்துக்கு எறங்கிருச்சு. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க."

"காப்போட தோட்டத்து எல்லை தாண்டக் கூடாதுங்க" என்றாய். " மன்மதன எழுப்புற அன்னைக்குக் காப்ப அவுத்ததும் ஓடிர்றேன்."

"முழுப் போத்தலையும் ஊத்துங்கய்யா" என்று நான் கெஞ்சினேன்.

"ஊத்தலாம். கிருமி எது, இவரு சதை எதுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டையும் கொல்லும்."

கூத்தில் மன்மதன் எரிந்தான். நெற்றிக்கண்ணைவிட உன் உடம்புதான் சுட்டது. கையைப் பிடித்திருந்த ரதிக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மன்மதனை உயிரோடு எழுப்புவது வழக்கம். அன்று உன்னைத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிடத்தினோம். நான் ரதியின் சேலையைக்கூட மாற்றவில்லை. எல்லைப் பாலம் வந்ததும் மணிக்கட்டை நீட்டினாய். "அவுத்துட்டுப் போடா." அவிழ்த்தேன். றொசல்ல ஊர் வரும்முன், "ஏன்டி ரதி, அழ மாட்டியா?" என்றாய். மூன்று மலைக்குக் கேட்க ஒப்பாரி வைத்த வாய் இது. சத்தம் வரவில்லை. நீ அதற்குக் காத்திருக்கவும் இல்லை.

இப்போது வேறொருவன் மன்மதன். வருடா வருடம் எரிகிறான், எழுகிறான். என் மீசை முழங்காலைத் தொடுகிறது என்று சொல்லித் திரிகிறேன். "தொப்பைய கொறை" என்று சொல்ல ஆளில்லை.

உன் காப்புக் கயிறு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மஞ்சள் போய்விட்டது. முடிச்சை அவிழ்த்த பிறகும் கயிறு இன்னும் உன் மணிக்கட்டு அளவுக்கு வளைந்தே கிடக்கிறது.