மிஸி பார்த்த கோயில் வீடியோ

மிஸி,

இன்று மத்தியானம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை தன் மேசையில் இருந்து தோடம்பழம் உரித்தாள். அந்த மணம் வந்ததும் பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றேன். உங்களிடமிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி ஃபைலும் இப்படித்தான் மணக்கும். நானூறு பக்கத்தையும் தோடம்பழம் தின்றபடியே வாசிப்பீர்கள். ஓரமெல்லாம் மஞ்சள் விரல் அடையாளம். நான் சத்தம் போட்டால், "கொப்பிதானே அப்புக்காத்தர், ஒரிஜினல் உம்மட்டைக் கிடக்குத்தானே" என்பீர்கள்.

அப்புக்காத்தர் என்று ஊரில் அந்தக் காலத்து வக்கீல்களைச் சொல்வார்கள். ரொறன்ரோவில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள்தான், அதுவும் பகிடிக்கு. பதிலுக்கு, ஊரில் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை மிஸி ஆக்கினேன். ஒரு கலியாண வீட்டில் ஒரே மேசையில் இருந்தோம், நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்காரர் எழுதுவது ஒன்றும் விளங்குவதில்லை என்று நான் யாரிடமோ புலம்ப, கட்லட்டைக் கடித்தபடி, "எனக்கு அனுப்பும், பாப்பம்" என்றீர்கள். வார்டில் இருபத்தைந்து வருடம் நின்று, முதுகு போய் வேலையை விட்டிருந்த நேரம். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை உங்களுக்கு. அடுத்த கிழமையே விட்பியிலிருந்து ரெயின் ஏறி, பஸ் மாறி, வெக்ஸ்போர்ட்டில் என் அலுவலகத்துக்கு வந்துவிட்டீர்கள்.

விபத்தில் அடிபட்டவர்களுக்காக வழக்காடுவதுதான் என் தொழில். ஆனால் அதுவரை டொக்டரின் கடிதத்தையும் வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் சுருக்கத்தையும் வாசித்துவிட்டு ஃபைலை மூடிவிடுவேன். அதைக் கண்டுபிடித்த அன்று நீங்கள் என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, நல்ல பேச்சு.

"டொக்டர் கட்டிலடியிலை அஞ்சு நிமிசம் நிப்பார். நேர்ஸ் பன்னிரண்டு மணித்தியாலம் நிக்கிறாள். நீர் அந்த அஞ்சு நிமிசத்தை மட்டும் வாசிச்சுப்போட்டு வழக்குப் பேசுறீர்."

என் பக்கத்து ஆள் என்று ஒரு சொட்டும் விட்டுக்கொடுக்கவும் மாட்டீர்கள். கார் இடித்துத்தான் முழங்கால் போனது என்று சத்தியம் செய்த ஒருவர், விபத்துக்கு முந்தின மாதமே கரப்பந்து விளையாடி அதே முழங்காலைப் பிரட்டிக்கொண்டதை நீங்கள்தான் பிடித்தீர்கள். "உம்மடை ஆளுக்குச் சொல்லும், பந்துக்கும் காருக்கும் வித்தியாசம் இருக்கெண்டு" என்று மேசையில் ஃபைலைப் போட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகுதான் இடியப்ப அன்ரியின் வழக்கு வந்தது. சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிகிறவர், கணவரை இழந்தவர், ஒரே மகள். சந்தியில் பச்சை விளக்குக்குத்தான் கடந்தார், திரும்பிய கார் ஒன்று அடித்து வலத் தோள் முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னும் அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை என்றார். காப்புறுதிக் கொம்பனி அனுப்பிய டொக்டரோ கை நன்றாக இருக்கிறது, உடற்பயிற்சிச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று எழுதிவிட்டார். பார்த்தால் ஆஸ்பத்திரி டொக்டரின் குறிப்பிலும் ஒவ்வொரு நாளும் "நோயாளி நலம் என்கிறார்" என்றே இருந்தது.

எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அதை மறைக்கவும் தெரியவில்லை. "உண்மையாவே தூக்க ஏலாதோ அன்ரி?" என்று இரண்டு தரம் கேட்டேன். அன்ரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அந்தக் கோடையில் வந்தது வீடியோ. கொம்பனி ஆள் வைத்து எடுத்திருந்தது. தேர்த் திருவிழா. சனத்துக்கு நடுவில் அன்ரி, இரண்டு கையும் தலைக்கு மேலே, அரோகரா. நான் கணினியை மூடிவிட்டு உங்களுக்குப் போன் அடித்தேன். வழக்கு முடிஞ்சுது மிஸி, மனுசி பொய் சொல்லிப்போட்டுது என்றேன். எவ்வளவு ஆத்திரத்தோடு சொன்னேன் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு, "மெதுவாப் போடும்" என்றீர்கள். போட்டேன். "உதிலை நிப்பாட்டும். கையைப் பாரும்."

"கும்பிடுறா மிஸி. அதுதானே பிரச்சினை."

"ஓம், கும்பிடுறா. ரண்டு கையும் ஒண்டாச் சேந்திருக்கு. இடக்கை வலக்கையின்ரை மணிக்கட்டைப் பிடிச்சிருக்கிறது தெரியேல்லையே உமக்கு? உவ வலக்கையைத் தூக்கேல்லை, அப்புக்காத்தர். இடக்கைதான் வலக்கையைத் தூக்கிக்கொண்டு போகுது. தோள் உடைஞ்ச ஆக்களுக்கு நாங்கள் பழக்கிறதே இப்பிடித்தான், ஏலாத கையை மற்றக் கையாலை உயத்தச் சொல்லி."

நீங்கள் வேதக்காரி, மன்னார்ப் பக்கத்து மாதா கோயில் ஆள். தேருக்கு முன்னால் கும்பிட்டே இருக்க மாட்டீர்கள். திருவிழாவுக்குத் திருவிழா கும்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கைப்பிடி தெரியவில்லை. எங்கள் சனம் கையெடுப்பதைப் பார்த்ததும் கும்பிடுகிறது என்று நினைத்து என் கண் நின்றுவிட்டது.

அதோடு விட்டீர்களா? ஆஸ்பத்திரி ஃபைலைப் பிரித்து, தாதிமார் எழுதிய பக்கங்களுக்கு ஒட்டுத்தாள் வைத்தீர்கள். டொக்டர் வந்து கேட்டபோதெல்லாம் அன்ரி எங்கள் வழக்கப்படி "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லியிருக்கிறார். டொக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார். அதே நாட்களில் தாதிமார் எழுதியிருந்தது வேறு: தலை சீவி இழுத்துவிட மகளுக்காகக் காத்திருந்தார். இடக்கையால் சாப்பிட்டார். சட்டை மாற்ற உதவி கேட்டார். மாதங்கள் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்த தாதியும் எழுதியிருந்தார், மகள்தான் தலை இழுக்கிறாள் என்று. எல்லாவற்றையும் நாள்வாரியாக இரண்டு பக்கத்தில் எழுதித் தந்தீர்கள்.

"இதை நான் சொன்னாக் கதை. எலும்பு டொக்டர் ஒருத்தர் எழுதினாத்தான் சாட்சி. அந்த ரண்டு பக்கத்தையும் வீடியோவையும் அவரிட்டைக் குடும்."

குடுத்தேன். அவர் பரிசோதித்துப் பார்த்து நீங்கள் சொன்னதையே எழுதினார். சமரசக் கூட்டத்தில் எதிர்ப்பக்க வக்கீல் வீடியோவைப் பெருமையோடு போட்டார். ஒரு தரம் மெதுவாகப் போடச் சொன்னேன். பிறகு எலும்பு டொக்டரின் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் அன்ரிக்குச் சிகிச்சை திரும்பக் கிடைத்தது, வழக்கும் அந்த மாதமே நல்லபடி முடிந்தது.

நான் குதித்துக்கொண்டு உங்களுக்கு அடித்தால், நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மனுசியிட்டை மன்னிப்புக் கேட்டனீரோ?"

இன்னும் இல்லை என்றேன். "நம்பிறது உம்மடை வேலை. பாக்கிறது என்ரை வேலை. என்ரையை நான் செய்துபோட்டன்" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

உங்கள் கடைசிக் கிழமையிலும் அப்படித்தான். கட்டிலில் படுத்தபடி தாதிப்பிள்ளையிடம் உங்கள் குறிப்பையே கேட்டு வாங்கி, "நான் அரைக் கோப்பை கஞ்சி குடிச்சனான், உங்கை கால் எண்டு கிடக்கு" என்று திருத்த வைத்தீர்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தது, நானும் சிரித்தேன். வெளியே வந்துதான் அழுதேன்.

மன்னிப்புக் கேட்கப் போன கதையை நான் உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை, மிஸி. வெட்கம். இப்போது சொல்கிறேன். அன்ரியின் அப்பார்ட்மென்டில் கதிரை நுனியில் இருந்துகொண்டு, "அன்ரி, நான் உங்களை நம்பேல்லை" என்றேன். அவர் தேத்தண்ணியை இடக்கையால் எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தெரியும் தம்பி. அதுக்குத்தானே தேரடியிலை கையெடுத்தனான். என்ரை லோயருக்கு என்னிலை நம்பிக்கை வரவேணுமெண்டு."

நீங்கள் போனபின் புது ஆட்களின் ஃபைல்களை நானே தாதிப் பக்கங்களிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறேன். ஆனால் ஃபைலைத் திறக்க முன்னம், முன்னால் இருப்பவரிடம் "நான் நம்பிறன்" என்று வாய் திறந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை, என் வேலை, இரண்டையும் இப்போது நான்தான் செய்கிறேன்.