அறுபத்திரண்டு பேர் படித்த கடிதம்

ஆகஸ்ட் 6

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். பாதிதான் உண்மையாக இருக்கும். குட்டிப்பயலுக்கு நாலு மாதம். விடுதியில் நீ வைத்த 'தூங்குமூஞ்சி' என்ற பட்டத்தை இனி வாபஸ் வாங்கிக்கொள். தூங்கி வெகுநாள் ஆச்சு.

ஒன்று சொல்கிறேன், இவருக்குக்கூடத் தெரியாது. போன செவ்வாய் மத்தியானம் அவன் இரண்டு மணி நேரம் விடாமல் அழுதான். தொட்டிலில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, செருப்புகூட இல்லாமல் தெருமுனையில் போய் நின்றேன். பதினோரு நிமிடம். பேருந்து வந்திருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ. திரும்பி வந்தபோது தூங்கிப்போயிருந்தான். ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்று, வெளியே போயிருந்த மாமியார் வந்து கேட்டதற்கு, குளித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

இதை யாரிடமும் சொல்லாதே.

என் நாத்தனார் உன் பல்கலைக்கழகத்தில்தான் சேர்ந்திருக்கிறாள். கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்.

உன் தூங்குமூஞ்சி

ஆகஸ்ட் 15

அடி தூங்குமூஞ்சி,

மூன்று முறை படித்தேன். என்ன எழுத்துடி உனக்கு. என் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அச்சில் வந்தால் எல்லாமே வேதவாக்கு. 'யார் எழுதினார், எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டார்' என்று கேட்டால், "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்கிறார்கள். செய்தி, விளம்பரம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. நிஜ மனுஷி எழுதியது கிடைத்தால்தான் விழிப்பார்கள்போல.

உன் நாத்தனாரை எங்கே தேட? ஒரே வகுப்பில் அறுபத்திரண்டு பேர், பாதி முகம் தெரியாது.

வாத்தியாரம்மா

செப்டம்பர் 2

வாத்தியாரம்மா,

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். மருந்து நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "அண்ணி, இது உங்க கையெழுத்துதானே?"

என் கடிதத்தின் நடுப்பகுதி, நகலெடுத்தது. கடைசியில் ஒரு வரியை மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தாய். அது எந்த வரி என்று எனக்குத் தெரியாதா? கீழே உன் கேள்வி: 'இந்தத் தாயை நம்பலாமா? காரணம் தருக.' நம்ப முடியாது, மாமியாரிடமே பொய் சொல்கிறாள் என்று நாத்தனார் பதில் எழுதியிருக்கிறாள். பத்துக்கு எட்டு போட்டிருக்கிறாய்.

பக்கத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாங்கிப் படித்தார். தொட்டிலைத் தன் அறைக்கு நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். இவர் வேலையிடத்திலிருந்து மணிக்கொருதரம் கூப்பிட்டு, "அம்மா பக்கத்துல இருக்காங்கல்ல?" என்கிறார். என் பிள்ளையை என்னோடு தனியாக விடுவதில்லை.

ஏன்டி இப்படிச் செய்தாய்?

செப்டம்பர் 9

தூங்குமூஞ்சி,

என்னை மன்னித்துவிடு. பெயர் இல்லை, ஊர் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் அன்று வகுப்பு எப்படி இருந்தது தெரியுமா? ஒருத்தர் ஃபோனைத் தொடவில்லை. வாயே திறக்காத ஒருத்தி எழுந்து, "பதினோரு நிமிஷம்னு கணக்கா சொல்றாங்களே மிஸ், விட்டுட்டுப் போறவங்க மணி பாப்பாங்களா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து வருஷ வேலையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. அதற்காகவாவது மன்னித்துவிடு.

துறைத்தலைவர் இதைக் கருத்தரங்கில் பேசச் சொல்கிறார். இந்த முறை உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். சரி என்று ஒரு வரி எழுது போதும். மறுபடியும் மன்னிப்பு.

உன் வாத்தியாரம்மா

செப்டம்பர் 16

மதிப்பிற்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு,

எனக்குச் சம்மதம் இல்லை.

நாத்தனாரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள் வீட்டில். வேண்டாம் என்றேன். நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நானும் அவளும் உட்கார்ந்து, உங்கள் கேள்விகளை வைத்தே படித்தோம். மன்னிப்பு மூன்று இடத்தில் இருக்கிறது என்று அவள்தான் எண்ணிச் சொன்னாள்.

பிறகு, "குழந்தையை இப்ப உங்ககிட்ட விடுறாங்களான்னு ஒரு இடத்துலயும் கேக்கலையே அண்ணி" என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவியின் அண்ணி