கண் முகாமுக்கு உன் பெயராம்

போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு முன்னால் நிற்கிற என் அன்புப் பங்காளி ராமசாமிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உன் மிளகுக் கொடி இந்த முறையும் என்னுடையதைவிட அதிகம் காய்த்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லாமலே காய்க்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நம் நற்பணி மன்றம் வருஷா வருஷம் நடத்துகிற கண் முகாமுக்கு உன் பெயரை வைத்துவிட்டார்கள். மேடையில் பேசினது நீ, சால்வை வாங்கினது நீ. சரி. ஆனால் மலைமேல் ஆலத்தூர் நாடு, பைல் நாடு என்று இரண்டு நாட்டிலும் ஊர் ஊராக நடந்து ஆள் கூட்டி வந்தது யார்? பள்ளிக்கூடம் போனவன் பெயர் பேனரில் ஏறுகிறது. பஸ் போர்டைப் பார்த்து எழுத்துப் படித்தவன் பெயர் எங்கே போகும்?

மன்றத்தின் புதுத் தலைவர் செந்தில் என் வீட்டுக்கு வந்தான். "ஐயா, நீங்க ஒரு ரவுண்டு போயி சொல்லீட்டு வந்தீங்கன்னா போதுமுங்க."

"பேனர்ல யாரு பேரு இருக்குதோ, அவனையே போயிக் கூப்பிடச் சொல்லு சாமி" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவர்கள் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். நம் மலையில் நோட்டீஸ் பார்த்து யார் வருவார்கள்? ஊருக்குத் தலைவரான கவுண்டர் கையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அது அழைப்பு. போதாததற்குப் பேளுக்குறிச்சிச் சந்தை நாளில் முகாமை வைத்தார்கள். மலையே பலாப்பழத்தோடு கீழே இறங்கிவிட்டது. டாக்டர்கள் காலி பெஞ்சுகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். உன்னிடம் என்ன மறைக்க, சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம், நோயாளிகளை ஆபரேஷனுக்கு ஏற்றிப் போக வந்த பஸ் காலியாகவே வளைவில் இறங்கியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் மலை ஏற மாட்டோம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்களின் முகம் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாது. அந்த எண்ணம்தான் என்னை எழுப்பியது. அடுத்த தேதி குறித்ததும் வெற்றிலைக் கட்டோடு கிளம்பினேன்.

ஆலத்தூர் நாட்டில் முதல் ஊர். வாசலில் நின்ற கவுண்டர் கையில் வெற்றிலையை வைத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்து சிரிப்புச் சத்தம்.

"ஏனுங்க, கவுண்டன் நான் இங்க நிக்கறேன். என் மச்சினன் கையில வெக்கறீங்களே!"

"வெயிலு கண்ணக் கூசுதுங்க" என்றேன்.

"வெயிலு எங்கீங்க? மேகம் மூடிக் கெடக்குது. உங்க கண்ணுல பூ உழுந்து வெள்ளையாத் தெரியுது. மொதல்ல நீங்க பஸ்ஸுல ஏறுங்க. பொறவு நாங்க வாரோம்."

மறுத்துப் பார்த்தேன். அவர் வெற்றிலையை வாங்கவே இல்லை. அடுத்த ஊருக்கும் அதே பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு வருஷமாக மங்கிய கண் அது. உனக்குத் தெரியுமா? நீ நடத்துகிற முகாமில் போய்ப் படுக்கக் கூடாது என்றுதான் உன்னிடமும் மறைத்தேன்.

முகாம் நாளில் ஏறினேன், ராமசாமி. ஆபரேஷன் செய்ய வேண்டிய கண் இது என்று வலது கண்ணுக்கு மேலே நெற்றியில் அடையாளப் பிளாஸ்திரி ஒட்டி, உன் பெயர் போட்ட பேனர் கட்டிய பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினேன். ஆலத்தூர்க் கவுண்டர் பின்னாலேயே ஏறினார். "இப்ப வெய்யுங்க வெத்தலைய" என்று கையை நீட்டினார். தடவிப் பார்த்து, சரியான கையில்தான் வைத்தேன். பஸ் நிறைந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் கட்டை அவிழ்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த பஸ் நின்றது. நான் முதலில் படித்தது உன் பெயர். எழுத்து எழுத்தாக, பளிச்சென்று. இதற்காகவா கண்ணைத் திறந்தார்கள்?

அடுத்த முகாமுக்கும் வெற்றிலை நான்தான் வைப்பேன். இடது கண்ணும் மங்குகிறது. அதையும் உன் பெயர் போட்ட முகாமிலேயே கொடுக்கிறேன், இது சத்தியம். ஆனால் உன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், ஆள் கூப்பிட மட்டும் என் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
வயதில் மூத்தவன், உன்னிடம் இன்னும் தோற்காதவன்,
உன் பெரியப்பன் மகன்.