முதல் பாகம் உன்னிடம்

நம் மகளின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் தெம்பாகத்தான் இருக்கிறாய் என்பது உன் அண்ணன் அனுப்பிய தாள்களிலிருந்தே தெரிகிறது. விவாகரத்துக் காகிதங்களை இவ்வளவு அழகாகப் பின் குத்தி அனுப்ப ஒரு வக்கீல் மைத்துனரால்தான் முடியும். பதினெட்டாம் தேதிக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

இதற்கிடையில் புத்தகம் படிக்கிறேன். மேலாளர் பதவியை என்னிடம் வேலை கற்றவனுக்கே கொடுத்துவிட்டார்கள். ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். படிப்பதெல்லாம் நீ போன அன்று என் பங்குக்கு வந்த புத்தகங்கள். அலமாரி வரிசைப்படி ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, யாரும் பொறுக்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "என்ன மாப்பிள்ளை, சீட்டுக்கட்டா பிரிக்கிறீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஆனால் இரண்டு பாகப் புத்தகங்கள் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போயிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

துப்பறியும் நாவலில் முதல் பாகம் என்னிடம். செத்தது யார் என்று எனக்குத் தெரியும், கொன்றது யார் என்று உனக்குத் தெரியும். எனக்கு டாக்டர் மேல் சந்தேகம். நீ சொல்ல வேண்டாம். மகளிடம் போனில் புலம்பினேன். "ஒரு புத்தகத்தைக்கூட முழுசா வச்சுக்கத் தெரியல உங்க ரெண்டு பேருக்கும்" என்றாள். அப்படியே உன் வாய்.

என்னைக் குழப்புவது மற்றொன்று. நீ பச்சை அட்டை போட்டு வைத்திருந்த பெரிய நாவல். அதில் என்னிடம் இருப்பது இரண்டாம் பாகம். முதல் பக்கத்திலேயே அந்தத் தையல்காரி வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். சண்டையில்லை, அழுகையில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நூறு பக்கம் புருஷன் கட்சியில் இருந்துதான் படித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் நண்பனிடம், "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்கிறான். என்ன சொன்னான் என்பது கடைசிவரை இல்லை. முதல் பாகத்தில் இருக்க வேண்டும்.

அவன் என்னதான் சொல்லியிருப்பான் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்பது வந்தது. அவள் படிப்பைப் பற்றி ஒன்று. விருந்தாளிகள் எதிரில் சிரித்துக்கொண்டே ஒன்று. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: அந்தத் தையல்காரிக்கு அம்மாவே கிடையாது.

உன் மேல் கோபம் போய்விட்டதாக நினைக்காதே. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீ வெளியூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டது தப்புத்தான். ஆனால் இந்த ஒரு வாரமாக அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தாள்கள் மேசைமேல்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் முதல் பாகத்தை அனுப்பு. உன் அண்ணன் மூலமாக வேண்டாம். தையல்காரியின் புருஷன் சொன்னது எந்தப் பக்கம் என்று ஓர் அடையாளம் வை. அதிலும் இல்லையென்றால், என் ஒன்பதையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எதுவென்று ஒரு கோடு போட்டு அனுப்பினால் போதும். ஒன்பதிலும் இல்லாத ஒன்று என்றால், கீழே இடம் விட்டிருக்கிறேன், நீயே எழுதிவிடு.

பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மகளின் அப்பா